கோலாலம்பூர் ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. உதவுங்கள்

செவ்வாய்ப்பேட்டை மகள்:
பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. போன மாதம் சேலத்திலிருந்து பஸ்ஸில் திருச்சி போய், அங்கிருந்து விமானம் ஏறினோம். நாங்கள் இருவர் மட்டும்தான். இரண்டாம் நாள் ஒரு ஏடிஎம்மில் 1000 ரிங்கிட் கேட்டேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது, கார்டு வெளியே வந்தது, பணம் வரவில்லை. ரசீதும் இல்லை. அடுத்த நிமிடமே பணம் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது. மறுபடி போட்டால் அன்றைய வரம்பு முடிந்தது என்கிறது.

ஓட்டலில் வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி வேறு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். அம்மா சுருக்குப்பையில் வைத்திருந்த 5,000 ரூபாயைக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரிங்கிட்டாக மாற்றித்தான் மிச்ச நாட்களை ஓட்டினோம். பத்துமலையில் 272 படியும் ஏறி இறங்கிய பிறகு இளநீர் வாங்கப் போனேன். "எனக்குத் தாகமே இல்லை கண்ணு" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஊர் திரும்பி 16 நாள் ஆகிறது. கிளையில் கேட்டால், "வெளிநாட்டு வங்கியின் மெஷின், அங்கேதான் கேட்கணும்" என்கிறார்கள். ஐந்து நாளில் பணம் திரும்பாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதாமே, அதைக் காட்டலாமா?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அந்த விதி 2019இல் வந்ததும்மா. உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான், மலேசியாவுக்குச் செல்லாது. அதை விட்டுவிடுங்கள். ஆனால் கிளையில் சொன்னதும் தவறு. கார்டு கொடுத்தது உங்கள் வங்கி, அதனால் அவர்கள்தான் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்கள் வழியாக அந்த மலேசிய வங்கியிடம் கேட்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. "பணம் வரவில்லை, டிஸ்ப்யூட்" (கழித்தது தவறு என்ற ஆட்சேபம்) என்று எழுதி, தேதி, நேரம், தொகை, ஏடிஎம் இருந்த இடம் எல்லாம் குறிப்பிட்டு, புகார் எண் வாங்குங்கள். பணம் வெளியே வரவில்லை என்றால் அன்றைய கணக்கு முடிக்கும்போது அந்த மெஷினில் 1000 ரிங்கிட் கூடுதலாக இருந்திருக்கும், அதன் பதிவிலும் தெரியும். டிஸ்ப்யூட் போடக் காலக்கெடு உண்டு. நாளைக்கே போங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, சரியான பதில் இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. உதவிக்கு 14448 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
அக்கா, நானும் என் மனைவியும் பாங்காக்கில் இதே பாடு பட்டோம். பணம் திரும்ப வந்தது, ஆனால் போனதைவிடக் குறைவாக. நாணய மாற்றுக் கட்டணம், வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மூன்றும் தனித்தனிப் பதிவாகக் கழிந்திருக்கும். ஸ்டேட்மென்ட் எடுத்து அவற்றையும் மனுவிலேயே கேளுங்கள். பிறகு கேட்டு வாங்க நான் படாத பாடு பட்டேன். அப்புறம், மெஷின் "ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்டதா? ஆம் என்று அழுத்தியிருந்தால் ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய் என்ற விலையை அந்த மெஷின்காரர்களே வைத்திருப்பார்கள். அடுத்த முறை அந்த ஊர்ப் பணத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மகள்:
ரூபாய் என்றுதான் அழுத்தினேன் தம்பி, அதுதான் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டேன். இன்று காலை மனு கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார்கள், ஓம்பட்ஸ்மேன் என்றதும் முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். புகார் எண்ணும் வந்துவிட்டது. கட்டணங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஐயா, 30 நாள் கணக்கு இன்றிலிருந்துதானே?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
ஆமாம்மா, முத்திரையில் இருக்கும் தேதியிலிருந்து.