பாராகார்டில் பின்னின நாய்க்கயிறு கொக்கிப் பக்கம் உருவிக்கிச்சு, எங்கே தப்பு பண்ணினேன்?

கரிசல் பையன்:
வணக்கம். வீட்ல எட்டு மாசச் சிப்பிப்பாறை இருக்கான். 14 கிலோ, பேரு கருவாயன். இரும்புச் சங்கிலி கழுத்து முடியை எல்லாம் உதிர்த்துடுச்சேன்னு பாராகார்டு (பாராசூட்டுல கட்டுற மாதிரி, மேலுறைக்குள்ள நூல் இருக்கிற மெல்லிய கயிறு) 8 மீட்டர் வாங்கி, நாலு துண்டா வெட்டி, வீடியோ பார்த்து நாலு பிரி உருட்டுப் பின்னல் போட்டேன். கைப்பிடியில ஆரம்பிச்சு கொக்கிகிட்ட முடிச்சேன். நாலு நுனியையும் கொக்கி வளையத்துல கட்டி, லைட்டரால உருக்கி அமுக்கிட்டேன்.

நேத்து கண்மாய்க் கரையில ஒரு மயில் கிளம்புச்சு. இவன் ஒரே தாவு. கொக்கி அவன் கழுத்தோட போயிடுச்சு, கயிறு என் கையில நிக்குது. அரை மணி நேரம் சோளக்காட்டுல தேடிப் பிடிச்சேன். முடிச்சுல ரெண்டு அவிழ்ந்திருக்கு, உருக்கின இடம் பிளாஸ்டிக் பொத்தான் மாதிரி ரெண்டா உடைஞ்சு கிடக்கு.

இன்னும் ரெண்டு குறை: ஆறடி வரும்னு நினைச்சது மூணடிதான் வந்துச்சு, பின்னலும் நேரா இல்லாம முறுக்கு மாதிரி சுத்திக்கிட்டே போகுது. இதைவிடத் தடிமனான கயிறு வாங்கணுமா?

பனங்காடு:
தம்பி, இந்தப் பாராகார்டு எல்லாம் கைக்குக் காப்பு பின்னத்தான் லாயக்கு. ஹார்டுவேர் கடையில 10 எம்எம் நைலான் கயிறு வாங்கி ரெண்டு முடிச்சு போடுங்க, வேலை முடிஞ்சது.

துறைமுகம்:
பனங்காடு அண்ணன் சொல்றதும் ஒரு வழிதான். ஆனா இங்க அறுந்தது கயிறு இல்லையே. நல்ல 550 பாராகார்டு ஒரு இழை 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ தாங்கும். நாலு இழைக்கு 14 கிலோ நாய் ஒரு சுமையே இல்லை. எத்தனை தடிமன் வாங்கினாலும் இதே மாதிரி கட்டினா இதே மாதிரிதான் உருவும்.

தப்பு என்னன்னா, நுனியைக் கொண்டுபோய் கொக்கியில வச்சது. நாய் வெட்டி இழுக்கிற முழு இழுப்பும் விழுற இடம் அது. நைலான் வழவழப்பு, முடிச்சு நழுவும். உருக்கினா கண்ணாடி மாதிரி ஆயிடும், வளைஞ்சா முறியும். நெருப்பு நுனி பிரியாம இருக்கத்தான், சுமை தாங்க இல்லை. நான் கப்பல்ல இருந்த வருஷத்துல உருக்கி ஒட்டின கயிறை யாராவது கொண்டுவந்தா போசன் (கப்பல் தளத்து வேலைக்கு மேஸ்திரி) கடல்ல எறிஞ்சுடுவார்.

தலைகீழா ஆரம்பிங்க. நீளமா ரெண்டே கயிறு. ரெண்டையும் நடுவுல மடிச்சு கொக்கி வளையத்துல மாட்டுங்க, நாலு பிரி கிடைச்சிடும். கொக்கிகிட்ட நுனியே கிடையாது, அப்புறம் எது உருவும்? நாலு நுனியும் கைப்பிடிக்கு வரட்டும், அங்க பின்னலுக்குள்ளேயே புதைச்சிடலாம்.

கரிசல் பையன்:
ஐயா, இது ஏன் எனக்குத் தோணலைன்னு தலையில அடிச்சுக்கிறேன். எவ்வளவு நீளம் வாங்கணும்? புதைக்கிறதுன்னா எப்படி?

துறைமுகம்:
பின்னினா கயிறு மூணுல ஒரு பங்கு குறுகும். அதனால வேணும்கிற நீளத்தை ஒன்றரையால பெருக்குங்க. கயிறு அஞ்சடி, கைப்பிடி வளைவுக்கு ஒண்ணேகாலடி, ஆக ஆறேகால். பெருக்கினா கிட்டத்தட்ட ஒன்பதரை அடி. புதைக்க ரெண்டடி சேர்த்தா ஒரு பிரிக்குப் பதினொன்றரை. நாலு பிரிக்கு 46 அடி. 15 மீட்டர் வாங்கி ரெண்டா வெட்டுங்க. மூணடி வந்தது ஏன்னு இப்போ புரியும்.

வெட்டறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில ஊறப்போட்டு நிழல்ல காய வைங்க. நைலான் முதல் தடவை நனையும்போது கொஞ்சம் சுருங்கும். பின்னினதுக்கு அப்புறம் மழையில சுருங்கினா அங்கங்க இறுகிப்போகும்.

தையல்காரி:
முறுக்கு ஏன் வருதுன்னு நான் சொல்றேன். இடது ஓரத்து இழை பின்பக்கமா ரெண்டைத் தாண்டி, முன்பக்கமா ஒண்ணு மேல திரும்பி வரணும். அடுத்து வலது ஓரம், அதே கணக்கு. இடதுல இருந்து கிளம்பினது இடதுக்கே திரும்பணும், வலது வலதுக்கே. நீங்க ஒரே பக்கத்து இழையை எடுத்துக்கிட்டே போயிருப்பீங்க, இல்லைன்னா வலது கையால மட்டும் இறுக்கி இழுத்திருப்பீங்க. ரெண்டுல ஏதோ ஒண்ணு நடந்தாலே திருகிக்கும். தலைமுடி பின்னத் தெரிஞ்ச யாரையாவது பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க.

நீளக் கயிறு சிக்கு விழும். ஒவ்வொரு பிரியையும் சின்னக் கண்டா சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கவிடுங்க. கொக்கியை ஜன்னல் கம்பியில மாட்டிக்கிட்டா ரெண்டு கையும் சும்மா கிடைக்கும்.

புதைக்கிறதுக்குக் கோணி ஊசி எடுத்துக்கோங்க. பாராகார்டு நுனியில உள்ள இருக்கிற நூலை ஒரு சாண் அளவுக்கு உருவி வெட்டிட்டா, மேலுறை தட்டையாகி ஊசிக் கண்ணுல நுழையும். கைப்பிடியை வளைச்சு, ஒவ்வொரு நுனியையும் பின்னலோட ஒண்ணு விட்டு ஒண்ணா அஞ்சு தடவை உள்ள இழுங்க. நாலும் ஒரே இடத்துல முடிஞ்சா அங்க வீங்கித் தெரியும், முன்னப் பின்ன நிறுத்துங்க. அப்புறம் செருப்புத் தைக்கிற மெழுகு நூலை எடுத்து, பம்பரத்துக்குக் கயிறு சுத்துற மாதிரி ஒரு அங்குலத்துக்கு நெருக்கமா சுத்திக் கட்டிடுங்க.

பனங்காடு:
சரி ஒத்துக்கிறேன். ஆனா தம்பி வாங்கினது அசல் பாராகார்டுதானான்னு பார்த்தீங்களா? சந்தையில பாதி பாலிபுரொப்பிலீன். ஒரு துண்டைச் சோப்புத் தண்ணியில பிசைஞ்சு காத்தை வெளியேத்திட்டுப் போடுங்க. மிதந்தா பாலிபுரொப்பிலீன், முங்கினா நைலானோ பாலியெஸ்டரோ. மிதக்கிறது நம்ம ஊரு வெயில்ல கொஞ்ச நாள்ல பொடியா உதிரும். கையில உரசி இழுபட்டா சீக்கிரம் உருகிப் பிடிச்சுக்கும். வெட்டின நுனியில உள்நூல் ஏழு இருக்கணும்.

கொக்கி எது போட்டீங்க? பை கொக்கின்னா அதையும் தூக்கிப் போடுங்க. துத்தநாக வார்ப்பு, வளையாம சொல்லாம உடையும். மாட்டுக்கு மணி, சலங்கை விக்கிற கடையில பித்தளையில சுத்துற கொக்கி கிடைக்கும்.

வேட்டைக்கால்:
எல்லாரும் கயிறையே பேசுறீங்க. சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. பயந்து பின்னால போனா சாதாரணப் பட்டை காது வழியா கழண்டுடும். கயிறு எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோசனம் இல்லை. இழுத்தா மட்டும் அளவா இறுகி, விட்டா தளர்ற அகலமான பட்டை போடுங்க.

அப்புறம் கயிறை மணிக்கட்டுல சுத்தாதீங்க. இந்தச் சாதி ஓடினா மணிக்கட்டும் கூடவே போகும். இந்தக் கயிறுல கட்டிப்போட்டுட்டு வெளியேயும் போகாதீங்க. குட்டி வயசு, கடிச்சு உள்நூலை முழுங்கினா குடல்ல சிக்கி ஆபரேஷன் வரைக்கும் போகும்.

கரிசல் பையன்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். முதல்ல வாங்கினது மிதந்துச்சு! உள்ள ஏழு நூலும் இல்லை, பஞ்சு மாதிரி ஏதோ திணிச்சிருக்கான். வேற கயிறு 15 மீட்டர் எடுத்து, துறைமுகம் ஐயா சொன்னபடி கொக்கியில இருந்து ஆரம்பிச்சேன். தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து, நான் வலது ஓரத்து இழையை முன்பக்கமாவே கொண்டு போறதை ரெண்டாவது நிமிஷமே பிடிச்சுட்டா. இப்போ அஞ்சடி ரெண்டு அங்குலம், நேரா நிக்குது. புளியமரக் கிளையில மாட்டி நானே முழுப் பாரத்தோட தொங்கிப் பார்த்தேன், கொக்கிப் பக்கம் அசையல. கைப்பிடியில ஒரு நுனி மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்குது, திரும்ப இழுக்கணும். மயில் நேத்தும் வந்துச்சு. இவன் தாவினான், நின்னான், என்னைத் திரும்பி முறைச்சான்.

பழைய மூணடிக் கயிறை ஆச்சி வெள்ளாட்டுக்குட்டிக்கு எடுத்துக்கிட்டாங்க.

தையல்காரி:
அந்த உருக்கின முடிச்சோடவா? ஆச்சிகிட்ட முதல்ல அதை வெட்டிட்டுக் கட்டச் சொல்லுங்க. ஆடு நாயைவிட நல்லாக் கடிக்கும்.