லிக்னோட்யூபருக்குத் ‘தூர்முண்டு’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

யூக்கலிப்டஸ் சீசியாவை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றிய கையேட்டுக்காக, லிக்னோட்யூபர் (சில மரங்களின் தண்டடியில் திரண்டு, மரம் மீண்டும் துளிர்க்க உதவும் புடைப்பு) என்பதற்கு ‘மரக்கிழங்கு’, ‘வேர்க்கட்டி’ என்னும் இரண்டு சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டும் தோட்டக்காரரைத் தவறான வழியில் இட்டுச் செல்லும் என்பது என் கருத்து.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில், ஆங்காங்கே தனித்து நிற்கும் கருங்கற்பாறைகளை ஒட்டியே இயற்கையில் வளரும் அரிய இனம் யூக்கலிப்டஸ் சீசியா. வெண்பொடி பூத்த தொங்கு கிளைகளுக்காகவும், குளிர்காலத்தில் மலரும் இளஞ்சிவப்புப் பூக்களுக்காகவும், அடித்தண்டில் சுருள் சுருளாக உரியும் செம்பழுப்புப் பட்டைக்காகவும் இதை ‘சில்வர் பிரின்சஸ்’ என்ற பெயரில் நாற்றங்கால்களில் விற்கிறார்கள். நாற்றை உற்றுப் பார்த்தால், விதையிலைகள் இருந்த கணுவில் எதிரெதிராக இரண்டு சிறு புடைப்புகள் தெரியும். அவையே நாளடைவில் பருத்து, ஒன்றுகூடித் தண்டைச் சுற்றிக்கொண்டு, மெல்ல மண்ணுக்குள் இறங்குகின்றன. ஆகவே இந்த உறுப்பு தண்டில் பிறப்பது, வேரில் பிறப்பதன்று. அதற்குள் மாவுச்சத்தும் எண்ணற்ற உறங்கு மொட்டுகளும் இருப்பதால், தீயில் கருகினாலும் அடியோடு வெட்டினாலும் மரம் மீண்டும் துளிர்க்கிறது. ‘கிழங்கு’ என்றாலோ, தோண்டி எடுப்பதும் துண்டு போட்டு நடுவதும்தான் நம் நினைவுக்கு வரும். யூக்கலிப்டஸ் சீசியாவையோ பெரும்பாலும் விதையிலிருந்தே வளர்க்கிறோம்.

எனவே ‘தூர்முண்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நெல் தூர் கட்டுகிறது என்று சொல்லும் உழவருக்குத் தூர் என்பது தண்டும் வேரும் சந்திக்கும் அடிப்பகுதி. தச்சருக்கு முண்டு என்பது மரத்தில் திரண்ட புடைப்பு. இரண்டையும் சேர்த்தால் இடமும் வடிவமும் ஒருங்கே விளங்கிவிடுகின்றன. கையேட்டில் இதை இப்படிப் பயன்படுத்தலாம்: “மரம் ஒல்லியாக நீண்டு சாய்ந்தால், பூத்து முடிந்தபின் தூர்முண்டுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள், புதுத் தண்டுகள் கிளம்பும்.”

ஒரு ஐயம் எழக்கூடும். மரத்தின் மேற்பகுதியில் தோன்றும் கழலைகளையும் முண்டு என்றே சொல்கிறோம். அவற்றைப் பொதுப்பெயராகிய ‘முண்டு’ என்பதிலேயே விட்டுவிட்டு, தூரில் பிறவியிலேயே அமைவதற்கு மட்டும் இக்கூட்டுச்சொல்லை வரையறுத்தால் குழப்பம் நேராது. காரி போன்ற சில யூக்கலிப்டஸ் இனங்களில் இவ்வுறுப்பே கிடையாது என்பதால், “தூர்முண்டு உள்ளவை, இல்லாதவை” என்று பிரித்துச் சொல்வதும் எளிதாகிறது. மறுப்பு இருப்பின், மாற்றுச்சொல்லை மேலே தந்த கையேட்டு வாக்கியத்தில் பொருத்திக் காட்டுமாறு வேண்டுகிறேன்.