உன்னை நம்பினோம், வெட்கப்பட மாட்டோம்: யூதப் பிரார்த்தனையில் ஒரு வரி பற்றி

வைகைக்கரை:
யூதர்கள் வார நாட்களில் மூன்று வேளையும் நின்றபடி சொல்லும் அமிதா பிரார்த்தனையில் 13ஆவது ஆசி நீதிமான்களுக்கானது. அதில் ‘வெலோ நெவோஷ், கி வெகா பாதாஹ்னு’ என்று ஒரு வரி. ‘நாங்கள் வெட்கப்பட்டுப்போக மாட்டோம், உன்னையல்லவா நம்பினோம்.’ காலையில், கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமாவுக்கு முன் வரும் ஆசியிலும் இதே வேண்டுதல். சாப்பிட்டபின் சொல்லும் நன்றி ஜெபத்திலும் அதேதான். புதுமாதத்தை வரவேற்கும் ஜெபத்தில் ‘வெட்கமும் இழிவும் இல்லாத வாழ்வு’ கேட்கிறார்கள்.

இது எனக்கு உறுத்துகிறது. முழுசாக நம்புகிறவனுக்கு வெட்கத்தைப் பற்றி ஏன் பயம்? கடவுள் முன்னால் நிற்கும்போதும் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கவலை விடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த மரபை நான் மதிக்கிறேன். ஆனால் நம்பிக்கை இளைத்துப்போகும் இடம் இந்த வரிதான் என்பது என் கருத்து.

ஏட்டுக்காரன்:
நண்பரே, ‘வெட்கம்’ என்ற தமிழ்ச் சொல்தான் உங்களைத் திசைதிருப்புகிறது. எபிரேயத்தில் ‘போஷ்’ என்ற வேர், நம்பிப் போய் வெறுங்கையோடு நிற்பதையும் குறிக்கும். சீனாய் மலையிலிருந்து மோசே இறங்கிவரத் தாமதித்தார் என்று சொல்லும் இடத்தில் வரும் ‘போஷேஷ்’ என்ற வினையையும் அதே வேரோடு சேர்த்துப் பார்ப்பார்கள். வராதவருக்காகக் கீழே காத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பைபிளில் யோபு நூலின் 6ஆம் அதிகாரத்தில் இன்னும் தெளிவு. தன்னைக் கைவிட்ட நண்பர்களைப் பாலைவனக் காட்டாற்றுக்கு ஒப்பிடுகிறார் யோபு. பனி உருகும்போது ஆறு புரண்டு ஓடும், வெயில் ஏறினால் இருந்த சுவடே இருக்காது. தேமா ஊர் வணிகக் கூட்டம் அந்த ஆற்றை எண்ணி வழியை விட்டு விலகி வருகிறது. வந்து பார்த்தால் காய்ந்த மணல். ‘நம்பியதால் வெட்கிப்போனார்கள்’ என்கிறது அந்த வரி. நம்பிக்கைக்கும் வெட்கத்துக்கும் அமிதாவில் உள்ள அதே இரண்டு வேர்கள்தான் அங்கும். அந்தப் பாலையில் அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒரு ஆள் கிடையாது. காலி தோற்பையும் தாகமும்தான் இருந்தன. அங்கே நாலு பேர் எங்கே வந்தார்கள்?

வைகைக்கரை:
யோபு வரி எனக்குத் தெரியாது, நன்றி. அது என்னை அசைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி இன்னும் கனமாகிறது. ஆறு வற்றிவிடுமோ என்ற பயம் அந்த ஆசிக்குள்ளேயே இருக்கிறது என்றுதானே ஆகிறது?

ஆறு வற்றியும் இருக்கிறது. 1096இல் முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களின் யூதர்களைக் கொன்று குவித்தன. மதம் மாற மறுத்துப் பெற்ற பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்றவர்களும் அங்கே உண்டு. முந்தின நாள்வரை அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ‘வெட்கப்பட மாட்டோம்’ என்ற வரியை அதற்குப் பிறகும் மாற்றாமல் எப்படிச் சொல்ல முடிந்தது? நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை.

ஏட்டுக்காரன்:
மைன்ஸுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அவரை நம்பவும் மாட்டேன்.

ஆனால் அந்த மரபு இதை ஒளித்து வைக்கவில்லை. பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்களில் 44ஆவதில், ‘நாள் முழுதும் என் இழிவு என் எதிரே நிற்கிறது, வெட்கம் என் முகத்தை மூடிவிட்டது’ என்று ஒருவன் கடவுளிடமே முறையிடுகிறான். அடுத்து, ‘இத்தனையும் வந்தும் உன்னை நாங்கள் மறக்கவில்லை’ என்கிறான். 22ஆம் சங்கீதத்தில் ‘எங்கள் முன்னோர் உன்னை நம்பினார்கள், வெட்கப்பட்டுப்போகவில்லை’ என்று வரும். அதைச் சொல்கிறவனோ ‘என்னை ஏன் கைவிட்டாய்’ என்று தொடங்கியவன். நம்பினார் கெடுவதில்லை என்று நாம் சொல்வதுபோல உறுதியாகச் சொன்ன வரி இல்லை இது. நம்பிக் கெட்டவனும் கூட நின்று சொல்லும் வரி.

ஹைஃபாவிலிருந்து:
நான் படித்தவன் இல்லை. இங்கே இஸ்ரேலில் ஒரு யூதப் பெரியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கை நடுங்கும், நடக்க முடியாது. ரொட்டியை நான்தான் சிறு துண்டுகளாக்கித் தருவேன். சாப்பிட்டதும் விரல் நுனிகளில் தண்ணீர் ஊற்றுவேன். பிறகு ஜெபப் புத்தகத்தை நான் பிடித்துக்கொள்ள, அவர் வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டே சொல்வார்.

அதில் வைகைக்கரை அண்ணன் சொன்ன வரிக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. ‘மனிதர் தரும் கொடைக்கும் கடனுக்கும் எங்களைக் கையேந்த வைக்காதே. நிறைந்த, திறந்த உன் கையிலிருந்தே தா. அப்போது நாங்கள் வெட்கப்படவும் தலைகுனியவும் நேராது.’ அந்த இடத்தில் மட்டும் அவர் விரல் மெதுவாகும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஸ்பூனால் ஊட்டப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் சூப் சட்டையெல்லாம் சிந்தியது. நான் துடைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏட்டுக்கார அண்ணன் சொல்லும் பாலைவனமும் சரிதான். ஆனால் இந்த வெட்கத்துக்கு எதிரே ஒரு மனிதன் இருந்தான், அது நான். பெருமைக்காக அவர் கேட்கவில்லை. கேட்டது ஒரு வாய்ச் சோற்றை நிமிர்ந்து சாப்பிட.

வைகைக்கரை:
தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. சோறு விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். பிறர் கையை எதிர்பார்த்து உண்பவன் வெட்கத்துக்குப் பயப்படுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

மைன்ஸ் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. 6ஆம் சங்கீதம் ‘என் எதிரிகள் எல்லாரும் வெட்கப்படட்டும்’ என்று முடிகிறது. 25ஆம் சங்கீதம் ‘எதிரிகள் என்னைப் பார்த்துக் களிக்க விடாதே’ என்கிறது. இரண்டும் தினசரி மன்றாட்டில் இடம் பெறுபவை, ஒவ்வொரு பிரிவினரின் வழக்கப்படி. இங்கே நாலு பேர் இல்லை என்று சொல்ல முடியாதே?

ஏட்டுக்காரன்:
இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேரைத் தூர நிறுத்தவும் அதே மரபு பாடுபட்டது. அமிதாவை ஏன் மெல்லிய குரலில் சொல்ல வேண்டும் என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் சோட்டா பகுதி கேட்டுவிட்டு, பாவத்தை அறிக்கையிடுகிறவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காக என்று பதில் தருகிறது. பக்கத்தில் நிற்பவர் காதில் விழக் கூடாது, கடவுளுக்குக் கேட்டால் போதும். முதற்கனி காணிக்கையிலும் அப்படித்தான். அப்போது சொல்ல வேண்டிய வசனத்தை முதலில் தெரிந்தவர் தானே சொன்னார், தெரியாதவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தெரியாதவர்கள் கூச்சப்பட்டுக் காணிக்கை கொண்டுவருவதையே நிறுத்தவும், எல்லாருக்குமே சொல்லிக்கொடுப்பது என்று மாற்றினார்கள். தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

கடவுள் முன் வெட்கப்படுவதை மட்டும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாவமன்னிப்புக்கான நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று ‘உன் முன்னே நான் வெட்கமும் இழிவும் நிறைந்த பாத்திரம்’ என்று சொல்வார்கள். ராவா என்ற தல்மூத் அறிஞரின் ஜெபம் அது.

ஹைஃபாவிலிருந்து:
அந்த 6ஆம் சங்கீதத்தைக் காலையில் ஜெப ஆலயத்தில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரமாக நிற்பேன். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அது கிடையாது. காலையில் இடது கையில் தெஃபிலின் (வேதவசனம் வைத்த சிறு தோல்பெட்டி) வார் சுற்றியிருக்கும், அதனால் வலது முழங்கையை மடக்கி அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். எங்கள் பெரியவருக்குக் கை நிற்காது, நான் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைப்பேன். ‘எதிரிகள் வெட்கப்படட்டும்’ என்ற வரி வரும்போதும் எல்லாரும் முகத்தை மறைத்தபடிதான் இருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடம் அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.