ஃபுட்பால் மேட்ச்சுக்காக போர் நடந்துச்சாமே, நிஜமா?

ராத்திரிவாசகன்:
1969ல மத்திய அமெரிக்காவுல பக்கத்து பக்கத்து நாடுங்களான ஹோண்டுராஸும் எல் சால்வடாரும் ஒரு மேட்ச் தோத்த கடுப்புல போருக்கே போயிட்டாங்கன்னு எங்க பாத்தாலும் போட்டிருக்காங்க, நிஜமா இல்ல சும்மா அடிச்சு விடறதா? இதே மாதிரி யாருக்கும் ஞாபகம் இல்லாத விசித்திர சண்டை வேற இருந்தாலும் சொல்லுங்க.

பழையபேப்பர்:
சண்டை நிஜம், காரணம்தான் டூப்பு. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஜூன்ல நடந்த மூணாவது மேட்ச்ல 3-2ன்னு ஜெயிச்சதே எல் சால்வடார், ஜூலை 14 படையெடுத்துப் போனதும் அவங்கதான், ஜெயிச்சவனுக்கு என்ன கடுப்பு? விஷயம் நிலம். எல் சால்வடார் சின்ன நாடு, ஜனம் ஜாஸ்தி, அதனால சுமார் 3 லட்சம் பேர் ஹோண்டுராஸ் போய் காடு திருத்தி விவசாயம் பண்ணிட்டிருந்தாங்க. நிலச் சீர்திருத்தம்னு சொல்லி ஹோண்டுராஸ் அவங்கள துரத்த ஆரம்பிச்சது, அகதிங்க கூட்டம் கூட்டமா திரும்பி வர்றாங்க, அந்த நேரம் பாத்து வேர்ல்ட் கப் தகுதிச் சுற்று வந்து மாட்டிக்கிச்சு. சுமார் 100 மணி நேரம்தான் சண்டை, செத்தது ஆயிரக்கணக்குல, சமாதான ஒப்பந்தம் போட 1980 ஆச்சு.

கட்டெறும்பு:
என் ஃபேவரிட் பன்றிப் போர். 1859, இப்போ அமெரிக்கா-கனடா எல்லைகிட்ட இருக்கற சான் ஹுவான் தீவு, அமெரிக்காக்காரர் ஒருத்தர் தோட்டத்துல உருளைக்கிழங்கு தின்ன பன்றிய சுட்டுட்டாரு, அது பிரிட்டிஷ் கம்பெனியோட பன்றி. ரெண்டு பக்கமும் படை வந்து நின்னுச்சு. இதுலயும் அசல் பிரச்சனை 1846 ஒப்பந்தத்துல அமெரிக்கா-பிரிட்டிஷ் எல்லை எந்தக் கடல்கால்வாய்ல போகுதுன்னு தெளிவா எழுதாததுதான். 1872ல நடுவரா இருந்த ஜெர்மன் கைசர் (சக்கரவர்த்தி) தீவு அமெரிக்காவுக்குன்னு தீர்ப்பு சொல்லி முடிச்சு வச்சாரு. செத்தது அந்தப் பன்றி மட்டும்தான், பாவம்.

மௌனராகம்77:
1900ல தங்க முக்காலிப் போரையும் இந்த காமெடி லிஸ்ட்ல சேர்க்குறாங்க, எனக்கு எரிச்சலா வரும். இப்போ கானா இருக்கற இடத்துல வாழற அசாந்தி மக்களோட உயிரே அந்த முக்காலியிலதான்னு நம்பிக்கை, ராஜாவே அதுல உக்கார மாட்டாரு. பிரிட்டிஷ் கவர்னர் வந்து அது எங்க, நான் உக்காரணும்னா சும்மா விடுவாங்களா? யா அசந்தேவான்னு ஒரு அம்மா தலைமையில எழுந்தாங்க. அந்தம்மாவ சீஷெல்ஸுக்கு நாடு கடத்தினாங்க, ஆனா முக்காலி கடைசி வரைக்கும் பிரிட்டிஷ் கையில சிக்கவே இல்ல.

ராத்திரிவாசகன்:
செம, எல்லாருக்கும் நன்றி. @பழையபேப்பர், சண்டை எல்லாம் முடிஞ்சு எல் சால்வடார் வேர்ல்ட் கப் போச்சா?

பழையபேப்பர்:
போச்சு ப்ரோ, 1970 மெக்சிகோ. மூணு மேட்ச், மூணும் தோல்வி, ஒரு கோல் கூட போடல.