டிஸ்டோபிய நாவல்களில் ஆசை உண்மையிலேயே கலகம்தானா?

நூலகவாசி:
அச்சமூட்டும் எதிர்காலச் சமூகத்தைக் கற்பனை செய்யும் டிஸ்டோபிய நாவல்களில் ஒன்றான ஆர்வெல்லின் ‘1984’-ஐ இரண்டாம் முறை படித்தபோது, முதல் வாசிப்பில் எழாத ஒரு சந்தேகம் எழுந்தது. எல்லோரையும் வேவு பார்த்து ஆளும் கட்சியின் உறுப்பினர்களான வின்ஸ்டனும் ஜூலியாவும் ரகசியமாகக் கூடுவதை அக்கட்சிக்கு விழுந்த அடியாக, ஓர் அரசியல் செயலாகவே நாவல் சொல்கிறது. ஜூலியா என்ற பெண்ணைவிட, அவள் மீறிய விதிகளே வின்ஸ்டனை அதிகம் ஈர்ப்பதுபோல் தோன்றுகிறது. அப்படியானால் அவனுடைய ஆசையின் உருவத்தையும் கட்சிதானே வரைந்து கொடுத்திருக்கிறது? ஆசையையும் ஊரோடு ஒத்துப்போவதையும் நேரெதிராக வைத்தே இந்நாவல்களைப் பேசுகிறோமே, அது சரிதானா?

கண்ணாடிச்சுவர்:
சரியில்லை என்பதற்கு ஹக்ஸ்லியே சாட்சி. 1932-இல் வெளிவந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் ஆசைக்குத் தடையே கிடையாது. ஆசைப்படாமல் இருப்பதுதான் குற்றம். லெனினா நான்கு மாதங்களாக ஹென்றி ஃபாஸ்டர் ஒருவனோடு மட்டுமே பழகுவதைத் தோழி ஃபானி கண்டிக்கும் இடத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்பார்களே, அதே கவலை, அதே குரல். அறிவுரை மட்டும் தலைகீழ். கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைத்துவிடும் அந்த உலகில், ஒருவரையே வேண்டும் என்று நினைப்பதுதான் மீறல்.

பழுப்புத்தாள்:
இருவரும் ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாத்தினை மறந்துவிட்டீர்கள். 1920-21-இல் எழுதப்பட்டு, சோவியத் நாட்டில் 1988-இல்தான் அச்சேறிய ‘நாம்’ நாவலில், மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்; கூடுவதற்காகக் கண்ணாடி வீட்டின் திரையை இறக்குவதற்குக்கூட அரசு தரும் இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். எல்லோரும் புரட்சிக்காரியான ஐ-330-ஐப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமானவள் ஓ-90. தாய்மைக்கென அரசு வகுத்த உயர அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் குறைந்த அவள், மரண தண்டனை உண்டு என்று தெரிந்தும் பிள்ளை வேண்டுமென்கிறாள். அரசைக் கவிழ்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் எண்ணத்திலேயே இல்லை. கற்பனையை அகற்றும் அறுவைக்குப் பிறகு, கதைசொல்லியான டி-503, தான் காதலித்த ஐ-330 வதைக்கப்படுவதைச் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓ-90 மட்டும் வயிற்றில் பிள்ளையோடு, நாட்டின் எல்லையான பச்சைச் சுவரைத் தாண்டிவிடுகிறாள். தாய்மையைத்தான் இயல்பான ஆசை என்று காட்ட முடிந்ததா என்று ஸம்யாத்தினோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அதை வேறொரு நாள் பேசலாம்.

நூலகவாசி:
ஓ-90-ஐப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ‘1984’-இலும் அத்தகைய ஆசை இருக்கிறதா என்று தேடினேன். ஜூலியாவின் காதல் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே, பவழத் துண்டு பதிந்த கண்ணாடி பேப்பர்வெயிட் ஒன்றை வின்ஸ்டன் நான்கு டாலருக்கு வாங்குகிறான்; அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதே அவனுக்குப் பிடித்திருக்கிறது. இதுவாவது முழுக்க அவனுடைய ஆசை என்று எழுத வந்தேன். ஆனால் அதை விற்ற கடைக்காரர் சாரிங்டன், கட்சிக்கு எதிரான எண்ணங்களையே வேட்டையாடும் எண்ணக் காவலர் படையைச் சேர்ந்தவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கைதாகும் வேளையில் அது உடைந்து, பவழம் தரையில் உருள்கிறது. எவ்வளவு சிறியது என்றுதான் அப்போது வின்ஸ்டன் நினைக்கிறான்.