புல்லட் 500: கேம் மாற்றினால் பிஸ்டன் தலையில் வால்வுக்குக் குழி வெட்ட வேண்டுமா?

கேள்வி (ஒற்றை உருளை):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய என்ஃபீல்ட் புல்லட் 500 இருக்கிறது. 84 மி.மீ. போர் (உருளையின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) என்ற அளவுகளை மாற்றாமல், 8.5 கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) தரக்கூடிய மேடு வைத்த பிஸ்டனையும், பந்தயத்தில் ஓட்டிய நண்பர் ஒருவர் கொடுத்த வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு பெர்ஃபாமன்ஸ் கேம்களையும் போடுவதற்காக இன்ஜினை இறக்கியிருக்கிறேன். பிஸ்டன் தலையில் வால்வுகளுக்கான குழிகள் ஏற்கெனவே ஆழம் குறைவாக இருக்கின்றன.

புதிய கேமின் லிஃப்ட் (வால்வைத் தள்ளித் திறக்கும் அளவு) பழையதைவிட 1.2 மி.மீ. கூடுதல் என்பதால், இரண்டு குழிகளையும் அதே 1.2 மி.மீ. ஆழப்படுத்தினால் போதும் என்று லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். நான் பிஸ்டன்மேல் களிமண் வைத்து, ஹெட்டை இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்ததில், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் நசுங்கிய களிமண்ணின் தடிமன் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் 0.9 மி.மீ., இன்டேக் (கலவை உள்ளே வரும்) பக்கம் 1.8 மி.மீ. கிடைத்தது. பட்டறைக்காரரின் கணக்கு சரிதானா? வெட்டாமல் ஹெட் கேஸ்கெட்டைத் தடிமனாக்கிச் சமாளிக்க முடியுமா?

பதில் 1 (டயல்கேஜ்):

பட்டறைக்காரரின் கணக்கு பலரும் செய்கிற தவறுதான். கேமின் உச்ச லிஃப்ட்டுக்கும் வால்வு பிஸ்டனைத் தொடுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இன்டேக் வால்வு முழுவதும் திறக்கும்போது பிஸ்டன் டாப் டெட் சென்டரிலிருந்து (அது ஏறி நிற்கும் உச்சியிலிருந்து) 60 மி.மீ.க்கும் கீழே போயிருக்கும். அங்கே இடிக்க எதுவுமே இல்லை. ஆபத்து இருப்பது ஓவர்லேப்பில், அதாவது எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கிற அந்தக் கட்டத்தில்தான்.

உங்கள் ஸ்ட்ரோக்கில் டாப் டெட் சென்டரிலிருந்து கிராங்க் தண்டு 10 டிகிரி சுழலும்போது பிஸ்டன் இறங்கியிருப்பது ஒரு மி.மீ.கூட இல்லை, 20 டிகிரி தள்ளினால் ஏறக்குறைய 3.4 மி.மீ. ஆகிவிடும். ஆகவே எக்ஸாஸ்ட் வால்வைப் பிஸ்டன் மிக நெருங்குவது பெரும்பாலும் டாப் டெட் சென்டருக்கு 10 முதல் 15 டிகிரி முன்னதாகவும், இன்டேக் வால்வு பிஸ்டனை மிக நெருங்குவது அதே அளவு பின்னதாகவும் நிகழும். லிஃப்ட் அதே அளவில் இருந்து, வால்வு திறந்திருக்கும் நேரம் மட்டும் நீண்டாலும் இடைவெளி குறைந்துவிடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இரும்பு கனெக்டிங் ராடு கொண்ட இன்ஜின்களுக்குப் பொதுவாக இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. இடைவெளி வைப்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூட்டில் நீள்வதோடு, வேகம் கூடி ஸ்பிரிங் தளரும்போது, பின்னாலேயே துரத்திவரும் பிஸ்டனிடமிருந்து தாமதமாகத்தான் விலகும் என்பதால் அதற்குக் கூடுதல் இடம் தேவை. உங்கள் அளவுகளின்படி எக்ஸாஸ்ட்டில் 1.6 மி.மீ. வெட்ட வேண்டும், இன்டேக்கில் 0.2 அல்லது 0.3 போதும். இரண்டிலும் 1.2 வெட்டியிருந்தால் ஒரு பக்கம் ஆபத்து தீராமலும் மறுபக்கம் கம்ப்ரஷன் வீணாகவும் போயிருக்கும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் கேம்களின் டைமிங் குறிகள் பொருந்தியிருக்கின்றனவா என்று டிகிரி வீல் (கிராங்க்கின் சுழற்சியை அளக்கும் வட்டத் தகடு) வைத்துப் பாருங்கள். புல்லட்டில் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிக் கேம்கள், பற்சக்கரத்தில் ஓடுபவை. ஒரு பல் தவறினாலே கிராங்க் கணக்கில் பல டிகிரி மாறிவிடும். தவறான டைமிங்கில் எடுத்த அளவுக்குப் பிஸ்டனை வெட்டினால், வெட்டியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

பதில் 2 (பழைய ஃபிட்டர்):

கேஸ்கெட் யோசனையை விட்டுவிடுங்கள், தம்பி. 1.6 மி.மீ. தடிமன் கூட்டினால் 84 மி.மீ. போரில் ஏறக்குறைய 8.9 சி.சி. இடம் கூடும். 8.5 கம்ப்ரஷனுக்கு உங்கள் எரியறை 66.5 சி.சி. இருக்க வேண்டும், அது 75.4 ஆனால் கம்ப்ரஷன் 7.6க்கு இறங்கிவிடும். வால்வு சாய்ந்து நிற்பதால் அந்த 1.6 கூட முழுதாக வால்வின் திசையில் கிடைக்காது. குழியை மட்டும் வெட்டினால் போவது 2 சி.சி. என்று வைத்துக்கொண்டாலும் 8.3 தங்கும். காசு கொடுத்து மேடு வைத்த பிஸ்டனை வாங்கிவிட்டு, அதன் பயனைக் கேஸ்கெட்டில் கரைப்பானேன்?

வெட்டுவதற்கு முன் பிஸ்டனின் உள்பக்கத்திலிருந்து தலையின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். குழியின் மிக ஆழமான இடத்திலும் 5 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. குழியின் விளிம்பு மேல் ரிங் பள்ளத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதையும் பாருங்கள். தடிமன் போதுமானதாக இருந்தும் ரிங் மேட்டின் பக்கம் மெலிந்து உடைந்த பிஸ்டன்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலையை மில்லிங் மெஷினில், பிஸ்டன் பின் துளையைப் பிடித்து நிறுத்தும் தாங்கியில் வைத்து, கட்டரை வால்வின் சாய்வுக்கே சாய்த்துச் செய்ய வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பட்டறையில் கொடுத்த பிஸ்டனைச் சாய்வில்லாமல் நேராக வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் ஆழம் சரியாக இருந்தது. வால்வின் வெளி விளிம்பு மட்டும் குழியின் சுவரில் உரசியது. வண்டி 40 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹெட்டைக் கழற்றியபோது, பிறை நிலா வடிவத்தில் ஒரு பளபளப்பான தடம் அலுமினியத்தில் பதிந்திருந்தது. வால்வு வளையாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

வெட்டிய விளிம்புகளைக் கத்தி முனைபோல் விட்டுவிடாதீர்கள். அந்த முனை பழுக்கச் சூடேறி, நேரத்துக்கு முன்பே கலவையைப் பற்றவைத்து நாக்கிங்கைக் கொண்டுவரும். நுண்ணிய எமரித் தாளால் விரலுக்கு உறுத்தாத அளவுக்கு வழித்துவிட்டு, ரிங் பள்ளத்திலும் எண்ணெய்த் துளைகளிலும் சீவல் தங்காதபடி மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

ஒற்றை உருளை:

இருவருக்கும் நன்றி. டைமிங் குறிகள் சரியாகவே இருந்தன. களிமண்ணை இன்னொரு முறை வைத்துப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இன்டேக் பக்கம் குழியின் நடுவில் 1.8 மி.மீ. இருந்தாலும், ஓரத்தில் களிமண் காகிதம்போல் மெலிந்திருக்கிறது. வால்வைக் கழற்றி அளந்தேன். முன்பு வண்டியை வைத்திருந்தவர் 2 மி.மீ. பெரிய இன்டேக் வால்வு போட்டிருக்கிறார்.

பதில் 3 (டயல்கேஜ்):

நல்ல வேளை, பார்த்துவிட்டீர்கள். வால்வின் சுற்றளவுக்கும் குழியின் சுவருக்கும் இடையில் எல்லாப் பக்கமும் 1.25 மி.மீ.யாவது இருக்க வேண்டும். எனவே இன்டேக் குழியை ஆழப்படுத்துவதைவிட அகலப்படுத்துவதுதான் முதன்மையான வேலை.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. புல்லட்டின் எரியறை அரைக்கோள வடிவம். இரண்டு வால்வுகளும் எதிரெதிராகச் சாய்ந்து, திறக்கும்போது ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. வால்வும் பெரிதாகி ஓவர்லேப்பும் நீண்டுவிட்டால் அவை பிஸ்டனை இடிப்பதற்கு முன்பே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளலாம். இதற்குப் பிஸ்டனில் எவ்வளவு வெட்டினாலும் பலன் இல்லை. டாப் டெட் சென்டரை ஒட்டி ஒவ்வொரு 5 டிகிரியிலும் இரு வால்வுகளின் லிஃப்ட்டையும் டயல் கேஜில் குறித்துக்கொண்டு, ஹெட்டை மேசைமேல் கவிழ்த்து, வால்வுகளை அதே அளவுக்குத் தள்ளிப் பிடித்து இடைவெளியை அளந்து பாருங்கள். 1.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பழைய அளவு வால்வுக்கே திரும்பிவிடுவது நல்லது.

உங்கள் வண்டியில் டிகம்ப்ரஷன் லீவர் (கிக் அடிக்கும் முன் உருளையின் அழுத்தத்தை வெளியேற்றும் கைப்பிடி) இருந்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதை இழுத்துப் பிடித்தும் ஒருமுறை சோதியுங்கள். அதுவும் எக்ஸாஸ்ட் வால்வைத்தான் தூக்குகிறது. இந்த மேடு வைத்த பிஸ்டனுக்காக யாரும் அதை அளந்து வைக்கவில்லை.

ஒற்றை உருளை:

அளந்துவிட்டேன். வால்வுகளுக்கு நடுவில் மிகக் குறைந்த இடைவெளி 0.7 மி.மீ. பெரிய வால்வைக் கழற்றிவிட்டு, வால்வு சீட்டை மாற்றிப் பழைய அளவு வால்வையே போடச் சொல்லி ஹெட்டைக் கொடுத்திருக்கிறேன். இன்டேக் குழியை அகலப்படுத்தும் தேவை இனி இருக்காது என்று நினைக்கிறேன். எதற்கும் ஹெட் வந்த பிறகு களிமண்ணை மறுபடி வைத்து அளந்துவிட்டுத்தான் பிஸ்டனை மில்லிங்குக்கு எடுத்துப் போவேன்.