தெரிந்த சொல்லே தடம் மாற்றியபோது

தஞ்சாவூரிலிருந்து, வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர்:

என் தந்தையார் சட்டப்பேரவைச் செய்திகளை நாளிதழில் ஒரு வரி விடாமல் படிப்பவர். ஒரு நாள் 'வேளாண்மைத் துறை மானியக் கோரிக்கை' என்ற தலைப்பைப் பார்த்து, உரத்துக்குத்தான் மானியம் கேட்கிறார்கள் போலும் என்று மகிழ்ந்தார். சில நாள் கழித்துக் காவல் துறைக்கும் மானியக் கோரிக்கை வரவே, "போலீசுக்கு எதற்கப்பா மானியம்?" என்று என்னிடம் கேட்டார். வங்கியில் ஆண்டுக்கணக்கில் மானியக் கடன்களைக் கையாண்ட எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவைப் படித்த பிறகே விளங்கியது. ஒரு துறை தன் ஆண்டுச் செலவுக்கான தொகைக்குப் பேரவையின் இசைவைக் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. சலுகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கேட்ட தொகையைப் பேரவை தரலாம், மறுக்கலாம், குறைக்கலாம், ஆனால் கூட்டித் தர முடியாது. குறைக்கக் கோருவது வெட்டுத் தீர்மானம். ஒரு துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்று காட்ட விரும்பும் மக்களவை உறுப்பினர், கோரிக்கைத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்குமாறு முன்மொழியலாம். கோடிகளை ஒரு ரூபாயாக்கச் சொல்லும் அந்தக் குறும்பை அப்பா வெகுவாக ரசித்தார்.

சென்னையிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

2017 ஜனவரியில் மெரினாவில் நின்ற மாணவர்களில் நானும் ஒருத்தி. 21ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும், சட்டம் வந்துவிட்டது, கிளம்பலாம் என்று சிலரும், இது ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும், நிரந்தரச் சட்டமே வேண்டும் என்று சிலரும் எங்களுக்குள்ளேயே வாதிட்டோம். நான் இரண்டாம் கூட்டத்தில் இருந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

213ஆவது பிரிவின்படி, பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோது ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு, அது நடைமுறையில் இருக்கும்வரை, பேரவை இயற்றும் சட்டத்துக்குரிய அதே வலிமை உண்டு. ஆனால் பேரவை மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரங்கள் முடிந்ததும் அது செயலிழந்துவிடும். நாங்கள் சொன்ன ஆறு மாதம், இரு கூட்டத்தொடர்களுக்கிடையே இருக்கக்கூடிய அதிகபட்ச இடைவெளி. 23ஆம் தேதி பேரவை நிறைவேற்றியதுகூடச் சட்டமுன்வடிவுதான், அதாவது மசோதாதான். மத்திய அரசின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாட்டளவில் திருத்தியதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் பிறகே அது சட்டமாயிற்று. 'நிரந்தரச் சட்டம்' என்று நாங்கள் முழங்கியது இதைத்தான். அதுவும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்பதால், 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து, மனு எழுதித் தருபவர்:

எனக்கு வாய்த்தது சிறிய அனுபவம். பட்டா தொடர்பான மனுவொன்றை, பெரியவர் ஒருவர் சொன்னபடியே 'மாவட்ட ஊராட்சித் தலைவர்' என்று முகவரியிட்டு எழுதிவிட்டேன். அவர் நினைத்தது மாவட்ட ஆட்சித் தலைவரை, அதாவது கலெக்டரை. ஒருவர் உள்ளாட்சித் தேர்தல் வழியே வருபவர். மற்றவர் அரசால் நியமிக்கப்படும் அதிகாரி. 'ஊர்' என்ற ஒரு சொல் கூடியதால் மனு வேறு அலுவலகத்துக்குப் போய், பல வாரங்களுக்குப் பின் திரும்பி வந்தது. இப்போதெல்லாம், "கலெக்டருக்கா, எலெக்சனில் ஜெயித்தவருக்கா?" என்று கேட்டுவிட்டே பேனாவைத் திறக்கிறேன்.